பதிவேட்டில் என்ன எழுதுவது? (முகத்தில் அறையும் புகைப்படங்கள் பற்றி)

#1 அடையாற்றுக்கரை

நண்பர்களுக்கு வணக்கம். ரொம்ப நாள் கழித்து ஓர் இழை தொடங்குகிறேன். வழக்கம்போல நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு ஒரு புகைப்படக் கண்காட்சிக்குப் போனேன். பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கி இறந்துபோனவர்களின் குடும்பங்களைப் பற்றியது. நாற்பது படங்கள் இருக்கும். மூன்றாவது படத்திலேயே மகள் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் படத்தில் ஒரு ஃப்ரீசர் பெட்டி. கண்ணாடி முழுக்க வேர்த்திருக்கிறது, உள்ளே இருப்பவரின் முகம் தெரியவில்லை. ஆறேழு வயதுப் பெண் குழந்தை ஒன்று அந்த ஈரத்தில் விரலால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருக்கிறது. பூவா எழுத்தா என்று தெரியவில்லை. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் யாரோ செல்போனில் பேசுகிறார்.

வெளியே வரும் வழியில் மேசை மேல் ஒரு பதிவேடு, நூலில் கட்டிய பேனா. எனக்கு முன்னால் எழுதியவர்கள்: ‘நெஞ்சு கனத்தது.’ ‘லைட்டிங் அருமை.’ ‘வாழ்த்துகள் தம்பி, மேலும் வளர்க.’ ‘மனிதனாக வெட்கப்படுகிறேன்.’ நானும் பேனாவை எடுத்தேன். பின்னால் வரிசை நிற்கிறது. ஒரு நிமிடம் நின்றுவிட்டு, ஒன்றும் எழுதாமல் வந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கோபமும் வந்தது. நான் என்ன செய்தேன்? காசு கொடுத்து வண்டி பிடித்து வந்து பார்த்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது மாதிரி இருந்தது. இந்த மாதிரிப் படங்களைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்? அழுவீர்களா, பகிர்வீர்களா, பக்கத்தைத் திருப்புவீர்களா?

#2 இலுப்பைப்பூ

கோபம் நியாயம்தான் ஜி. இது வறுமையை விற்கிற வியாபாரம். ஏசி ஹாலில் மாட்டி, நாலு பேர் உச்சுக் கொட்டி, எடுத்தவருக்கு ஒரு விருது. படத்தில் இருக்கிறவர் இருந்த இடத்திலேயே இருப்பார்.

சூடான் குழந்தைக் கதை தெரியும்தானே? கழுகு பக்கத்தில் காத்திருக்கிறது, ஒரு புகைப்படக்காரர் அந்தக் குழந்தையைத் தூக்காமல் படம் எடுத்து புலிட்சர் விருது வாங்கினார். கழுகு குழந்தையைத் தின்றுவிட்டது. குற்றவுணர்ச்சி தாங்காமல் அந்த ஆளும் தற்கொலை செய்துகொண்டார். அந்தப் படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன், பாருங்கள்.

#3 மட்டுறுத்துநர்

இணைத்த படத்தை நீக்கியிருக்கிறேன். இந்த இழையில் படங்களை ஒட்ட வேண்டாம், சொல்லால் பேசுவோம்.

#4 பழைய நெகட்டிவ்

//கழுகு குழந்தையைத் தின்றுவிட்டது//

இந்த வாட்ஸ்அப் கதையை மறுத்து மறுத்து எனக்கு வாய் வலிக்கிறது. முப்பது வருடம் ஒரு நாளிதழில் படமெடுத்தவன் என்ற முறையில் இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன்.

கெவின் கார்ட்டர் அதை எடுத்தது 1993 மார்ச்சில், தெற்கு சூடானின் அயோட் என்ற ஊரில், ஐ.நா. உணவு விநியோகம் நடந்த இடத்துக்குப் பக்கத்தில். மார்ச் 26 அன்று நியூயார்க் டைம்ஸில் வந்தது. குழந்தையின் கையில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும், படத்திலேயே தெரியும். உணவு மையத்தில் பதிவு செய்த குழந்தை என்று அர்த்தம். பெண் குழந்தை என்று அப்போது எழுதினார்கள். 2011இல் ஒரு ஸ்பானிய நாளிதழ் அந்த ஊருக்கே போய் அப்பாவைக் கண்டுபிடித்தது. அது ஆண் குழந்தை, பஞ்சத்தில் பிழைத்துக்கொண்டது, இறந்தது பல வருடம் கழித்து, காய்ச்சலில்.

கார்ட்டர் தற்கொலை செய்துகொண்டது 1994 ஜூலையில். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் நெருங்கிய நண்பரும் சக புகைப்படக்காரருமான கென் ஊஸ்டர்புரூக் ஜோகன்னஸ்பர்க் அருகே துப்பாக்கிச் சூட்டில் செத்தார். கார்ட்டர் விட்டுப்போன கடிதத்தில் கடன் தொல்லை இருக்கிறது, பார்த்த கொலைகளும் பிணங்களும் இருக்கின்றன. கழுகுக்கும் தற்கொலைக்கும் முடிச்சுப் போட்டு நீதிக்கதை ஆக்கியது நாம்தான். ஏனென்றால் அந்தக் கதையில் குற்றவாளி ஒருத்தர்தான், அவரும் செத்துவிட்டார். கணக்கு முடிந்தது. சூடானில் ஏன் பஞ்சம், யார் யாரோடு சண்டை என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

#5 இலுப்பைப்பூ

சரி ஐயா, அந்தத் தகவலில் நான் தப்பு. ஆனால் நான் சொன்ன விஷயம் அப்படியேதான் நிற்கிறது. படத்தில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது?

#6 செல்லூர்க்காரி

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

என் அம்மா மதுரையில் தூய்மைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆள் கேமராவோடு எங்கள் தெருவுக்கு வந்தார். மத்தியானம் மூன்று மணி. அம்மா வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்த நேரம். ‘சேலையை மாத்திட்டு வர்றேன் சார்’ என்று அம்மா எழுந்தார். ‘வேண்டாம்மா, அந்த வேலை சேலையையே கட்டிட்டு வாங்க’ என்றார் அவர். ஊறப்போட்ட சேலையைப் பிழிந்து, ஈரத்தோடு கட்டி, துடைப்பத்தைக் கையில் கொடுத்து, கண்ணை இப்படிப் பாருங்க, சிரிக்காதீங்க என்றெல்லாம் சொல்லி எடுத்தார்கள்.

அந்தப் படம் ஒரு காலண்டரில் வந்தது. அக்டோபர் மாதம். என் கல்லூரி அலுவலக அறைச் சுவரில் அந்தக் காலண்டர் தொங்கியது. கட்டணம் கட்டப் போகும்போதெல்லாம் அம்மா ஈரச்சேலையோடு என்னைப் பார்ப்பார். பெயர் கிடையாது. கீழே ‘கண்ணியத்துக்காக ஏங்கும் கண்கள்’ என்று போட்டிருந்தது.

அம்மா ஏங்கியது சாப்பாட்டுக்கு. தட்டில் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

படமே எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. காலை ஐந்து மணிக்கு வந்து, வேலை நடக்கும்போது எடுத்திருந்தால் அம்மா மறுத்திருக்க மாட்டார். அந்த நேரத்துக்கு யாரும் வருவதில்லை.

#7 அடையாற்றுக்கரை

செல்லூர்க்காரி, எழுதியதற்கு நன்றி என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. அந்த அக்டோபர் மனதை விட்டுப் போகாது.

#8 ஏட்டுச்சுருள்

சகோதரி சொன்னது நூற்றைம்பது வருடக் கதை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எலும்பும் தோலுமாக ஒரு குடும்பம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இன்றும் ஆண்டுக்கு ஒரு தடவை யாராவது ஃபேஸ்புக்கில் போடுவார்கள், பாதி நேரம் வங்காளப் பஞ்சம் என்று தப்பாக. எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர், மெட்ராஸ் குதிரைப்படை அதிகாரி. அந்தப் படங்களில் ஒன்றின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவை’ என்று வரும். ‘தகுதியானவர்கள்’ இல்லை. அவர் எழுதியதன்படி அஃறிணைதான் பொருத்தம்.

நிற்கக்கூடத் தெம்பில்லாதவர்களைச் சேர்த்து உட்காரவைத்து, பெரியவர் பின்னால், குழந்தை முன்னால் என்று ஸ்டுடியோ ஒழுங்கில் எடுத்திருக்கிறார். அன்றைய கேமராவுக்கு ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும், அது வேறு. பிறகு 1886இல் மாண்டலேயில் பர்மியக் கைதிகளைச் சுட்டுக்கொல்லும்போது குண்டு பாயும் நொடியைப் பிடிக்கக் கேமரா வைத்தார் என்று லண்டன் வரை நாறி, விசாரணையே வந்தது.

ஆனாலும் இதையும் சொல்ல வேண்டும். அந்தப் படங்கள் இல்லையென்றால் தாது வருஷம் நமக்குக் கும்மிப் பாட்டாகவும் கிழவிகள் சொன்ன கதையாகவும் மட்டும் மிஞ்சியிருக்கும். எடுத்த கை கெட்ட கை, படம் சாட்சி. இரண்டும் ஒன்றாகத்தான் வருகின்றன. எனக்கு இதில் தெளிவு கிடையாது.

#9 தூண்டில்முள்

//படத்தில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது?//

சாட்சி கிடைத்தது, போதாதா? கையால் மலம் அள்ளத் தடைச்சட்டம் 1993லேயே வந்தது, 2013இல் இன்னொன்று. 2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒன்றிய அமைச்சர் சொன்ன பதில், கையால் மலம் அள்ளி யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்பது. சாக்கடைக்குள் செத்தவர்களுக்கு வேறு பெயர், ‘அபாயகரமான துப்புரவுப் பணி’. சொல்லை மாற்றினால் பிணம் மறைந்துவிடும் நாட்டில் படத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது? 2017இல் திவ்யபாரதி ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தைத் திரையிட முடியாதபடி இடத்துக்கு இடம் தடுத்தார்கள். யூடியூபில் ஏற்ற வேண்டியதாயிற்று. வெறும் வியாபாரம் என்றால் எதற்குத் தடுக்கிறார்கள்?

பார்க்கிறவருக்கு உறுத்தாமல், சேலை மாற்றி, பவுடர் போட்டு எடுங்கள் என்றால் அது கல்யாண ஆல்பம்.

#10 செல்லூர்க்காரி

தூண்டில்முள், நான் எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். பவுடர் போட்டு எடுக்கச் சொல்லவில்லை. குளித்தவரைத் திரும்ப அழுக்காக்கி எடுத்தார்கள் என்றுதான் சொன்னேன். அதற்குப் பெயர் சாட்சி இல்லை, செட்.

நீங்கள் சொன்ன ஆவணப்படத்துக்குக் கேமரா பிடித்தவர் பழனிகுமார். அவர் அம்மா மீன் விற்றவர், கடன் வாங்கித்தான் முதல் கேமராவை வாங்கினார். சாக்கடையில் இறந்தவர்களின் பிள்ளைகளை அவர் எடுத்த படங்களை நானும் பார்த்திருக்கிறேன். உறுத்தத்தான் செய்தது, ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆனால் அந்தக் காலண்டரைப் பார்த்தபோது வந்த அசிங்கம் வரவில்லை. அவர் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எடுத்த மாதிரி இருந்தது. வித்தியாசத்தை எனக்கு விளக்கத் தெரியவில்லை. கேமரா தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் தேவலை.

#11 பழைய நெகட்டிவ்

தெரிந்ததைச் சொல்கிறேன் அம்மா.

படத்தைப் பார்த்ததும் நான் முதலில் பார்ப்பது, எடுத்தவன் எங்கே நின்றான் என்பதை. நீள லென்ஸ் போட்டுத் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எடுத்தால் முகமும் பின்னாலிருக்கும் சுவரும் ஒட்டின மாதிரி இருக்கும், படத்தில் இருப்பவருக்குத் தன்னை எடுக்கிறார்கள் என்றே தெரியாது. அகல லென்ஸில் முகம் பெரிதாகவும் பின்னால் வீடு முழுதாகவும் தெரிந்தால், எடுத்தவன் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்திருக்கிறான். அவ்வளவு கிட்டே போக அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீராவது குடித்திருக்க வேண்டும். அடுத்தது உயரம். குழந்தையை மேலிருந்து எடுத்தால் பாவமாகத் தெரியும், நாம் தரையில் உட்கார்ந்து எடுத்தால் நம்மைச் சமமாகப் பார்க்கும். அடையாற்றுக்கரை சொன்ன ஃப்ரீசர் பெட்டிப் படத்தில் கேமரா எந்த உயரத்தில் இருந்தது? அடுத்த தடவை போனால் கவனியுங்கள்.

இதெல்லாம் விதி இல்லை. ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா கடலூரில் சுனாமி வந்து இரண்டு நாள் கழித்து எடுத்த படம், 2004இன் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது அதற்குத்தான். மணலில் ஒரு பெண் கையை விரித்துக் கவிழ்ந்து கிடக்கிறார். மேலிருந்துதான் எடுத்திருக்கிறார். ஆனால் இறந்தவரின் கை மட்டும் ஓரத்தில் தெரியும், மற்றது படச் சட்டகத்துக்கு வெளியே. எதைக் காட்டாமல் விட்டார் என்று பாருங்கள்.

அந்த வாரம் நான் நாகப்பட்டினத்தில் இருந்தேன். அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். ஒரு கிழவி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ‘எடுப்பா, எல்லாத்தையும் எடு, எவன் வந்து பாக்கப்போறான்’ என்றாள். பத்தடி தள்ளி இன்னொருத்தி கைநிறைய மணலை அள்ளி என் முகத்தில் எறிந்தாள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். லென்ஸில் விழுந்த கீறல் கடைசி வரை போகவில்லை.

#12 வன்னியாள்

ஐயா எழுதியதை வாசித்த பிறகு எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. நான் கனடாவில் இருக்கிறேன், ஊர் முல்லைத்தீவுப் பக்கம்.

2013 பெப்ரவரியில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி மூலம், 2009 போரின் முடிவில் கொல்லப்பட்ட சிறுவன் பாலச்சந்திரனின் (பிரபாகரனின் மகன்) படங்கள் வெளிவந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஒன்றில் உட்கார்ந்திருந்து ஏதோ சாப்பிடுகிறான், மற்றதில் நெஞ்சில் சூடு. தமிழ்நாட்டில் மாணவர்கள் தெருவுக்கு வந்தது அதைப் பார்த்துத்தான். அந்தக் கோபத்துக்கு நாங்கள் நன்றி இல்லாதவர்கள் அல்ல. ஆனால் அதே படம் அரசியல் பதாகைகளில், தலைவர்மாரின் சிரித்த முகத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டதையும் கண்டோம். எங்கட சனம் தெருவில் செத்துக் கிடந்த படங்களைச் சந்திக்குச் சந்தி வைத்திருந்தார்கள். சென்னைக்கு வந்த என் மாமி ஒரு பதாகையின் முன் நின்று, தெரிந்த முகம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடினவா. உங்களுக்கு அது சுவரொட்டி. அவவுக்கு அது தேடும் இடம்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் கொட்டகை போட்டு இருந்தார்கள், பிறகு மற்ற இடங்களிலும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களைக் கையில் வைத்திருப்பார்கள். அவை என்ன படங்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பள்ளிக்கூட அடையாள அட்டைப் படம், சாமத்திய வீட்டில் (பூப்புனித விழாவில்) எடுத்த படத்தில் இருந்து வெட்டினது, நீலத் திரைக்கு முன்னால் தலை சீவி எடுத்தது. மழைக்கு நனையாமல் லாமினேட் செய்திருப்பார்கள். இரத்தம் இல்லை, பிணம் இல்லை. தாய்மார் தெரிவு செய்த படம் அது. எத்தனை வெளிநாட்டுக் கேமராக்கள் வந்து அந்தத் தாயின் கண்ணீரை எடுத்தன. ஆனால் அவர் கேட்பது கையில் இருப்பதைப் பார் என்றுதான்.

#13 இலுப்பைப்பூ

எனக்கு இனி பேச ஒன்றுமில்லை. என் முதல் பதிவில் அந்தச் சூடான் படத்தைத் தூக்கி ஒட்டியது நான்தான். நீக்கியதற்கு நன்றி மட்டுறுத்துநரே.

#14 பழைய நெகட்டிவ்

வன்னியாள் சொன்னதோடு சேர்த்து ஒன்று. அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் ஜப்பானின் மினமாட்டாவில் எடுத்த படம் ஒன்று உண்டு. சிஸ்ஸோ ஆலை கடலில் விட்ட பாதரசத்தால் கருவிலேயே முடங்கிப்போன மகளைத் தாய் குளிப்பாட்டுகிறாள். 1971 டிசம்பரில் எடுத்தது, பெற்றவர்கள் சம்மதத்தோடுதான். அடுத்த மாதமே ஆலை ஆட்கள் ஸ்மித்தை அடித்துப் போட்டார்கள், கண் பார்வையே பாதித்தது. அந்தப் படம்தான் மினமாட்டாவை உலகத்துக்குச் சொன்னது. அந்தப் பெண் 1977இல், இருபத்தொரு வயதில் இறந்தார். பெற்றோர் பின்னாளில், போதும், பிள்ளை ஓய்வெடுக்கட்டும் என்றார்கள். ஸ்மித்தோடு வேலை செய்தவரும் உரிமை வைத்திருந்தவருமான ஐலீன் 1998இல், படத்தை என்ன செய்வது என்ற முடிவைப் பெற்றோரிடமே கொடுத்துவிட்டார். புதிதாக யாருக்கும் அச்சிடத் தருவதில்லை என்று அப்போது முடிவானது. நான் பாடம் எடுத்த காலத்தில் அதை வகுப்பில் காட்டுவேன். இது தெரிந்த பிறகு வர்ணித்துச் சொல்வதோடு சரி. மாணவர்கள் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்திருப்பார்கள், அது வேறு.

#15 அடையாற்றுக்கரை

கண்காட்சியின் கடைசி நாளில் திரும்பப் போனேன், இந்தத் தடவை தனியாக.

ஐயா சொன்னபடி பார்த்தேன். கேமரா அந்தக் குழந்தையின் தோள் உயரத்தில் இருக்கிறது. எடுத்தவர் முழங்காலிட்டிருக்க வேண்டும், அல்லது சம்மணம் போட்டு. அப்புறம்தான் உறைத்தது, முதல் தடவை நான் ஒரு படத்தின் கீழேகூட எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. நாற்பது படத்தையும் வெறும் முகமாகப் பார்த்துவிட்டு, என்னைக் குற்றம் சாட்டுகிறார்கள் என்று கோபப்பட்டிருக்கிறேன். ஃப்ரீசர் பெட்டியின் கீழே அப்பாவின் பெயர், வயது, எந்தத் தெருவின் டேங்க், யார் கூப்பிட்டு இறக்கினார்கள், என்ன கூலி பேசினார்கள் என்று இருந்தது. நிவாரணம் வர எத்தனை வருடம் ஆனது என்றும் இருந்தது. உச்சநீதிமன்றம் 2014இல் சொன்ன பத்து லட்சம் அது. 2023இல் முப்பது லட்சம் ஆக்கினார்கள், இந்தக் குடும்பத்துக்குப் பழைய கணக்குதான். கடைசி வரி: ‘குழந்தை எழுதியது அப்பாவின் வண்டி எண்.’

பதிவேட்டுப் பக்கமே போகவில்லை.

எங்கள் குடியிருப்பில் பாதாளச் சாக்கடை இணைப்பு இன்னும் வரவில்லை, செப்டிக் டேங்க்தான். மாதம் இரண்டு தடவை வண்டி வரும். பதினோரு வருடமாக ஜன்னலைச் சாத்துவதோடு என் பங்கு முடிந்தது. நேற்று கீழே இறங்கி, குழாய் பிடித்த தம்பியிடம், உள்ளே இறங்குவதுண்டா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னான்: ‘மேல தண்ணிய குழாய் இழுத்துரும் சார். அடியில மண்டி கட்டிருந்தாதான் ஆள் எறங்கிக் கலக்கிவிடணும். போன வருசம் உங்க டேங்க்ல எறங்கினமே.’

எங்கள் டேங்கில்.

சங்கச் செயலாளரிடம் கேட்டால், அது கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வது என்கிறார்.

#16 தூண்டில்முள்

கான்ட்ராக்டர் மட்டும் இல்லை. 2013 சட்டத்தின் 7ஆவது பிரிவைச் செயலாளரிடம் காட்டுங்கள். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக்கூடாது என்பது நேரடியாக வேலைக்கு வைப்பவருக்கும் பொருந்தும், மறைமுகமாக வைப்பவருக்கும் பொருந்தும். முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். செல்லூர்க்காரி, #9இல் அவசரப்பட்டுவிட்டேன். மன்னிக்கவும்.

#17 அடையாற்றுக்கரை

காட்டினேன். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன்: மண்டி கட்டினால் இயந்திரம் வைத்துக் கலக்கி எடுக்கும் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும், கூடுதல் செலவைப் பிரித்துக்கொள்வோம் என்று. நாற்பத்தெட்டு வீடு. மூன்று பேர் சரி என்றார்கள், ஒருவர் கும்பிடும் கையைப் போட்டார், ஒருவர் பராமரிப்புக் கட்டணம் ஏறுமா என்று கேட்டார். மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள், நீல டிக் விழுந்திருக்கிறது. வியாழக்கிழமை அடுத்த வண்டி.

#18 செல்லூர்க்காரி

வியாழக்கிழமை நீங்களே கீழே போய் நில்லுங்கள் அண்ணா. மூடியைத் திறந்ததும் உடனே எட்டிப் பார்க்காதீர்கள், கேஸ் அடிக்கும். கொஞ்ச நேரம் தள்ளியே நில்லுங்கள். அந்தத் தம்பியையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.